உதட்டில் திரும்பத் திரும்ப வரும் கொப்புளம்: லேசர் வைத்தால் தீருமா?

கடிதம்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 33. தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. கல்லூரி நாட்களிலிருந்தே வருடத்துக்கு இரண்டு மூன்று முறை உதட்டோரம் சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள் கொத்தாக வரும், ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். இந்த நான்கு வருடங்களாக அது வருடத்துக்கு ஏழெட்டு முறை ஆகிவிட்டது. விளையாட்டு விழாவுக்குப் பயிற்சி கொடுக்கும் மாதங்களில் தப்பாமல் வருகிறதாம். அழகு நிலையத்தில் மேல் உதட்டுக்குத் த்ரெடிங் செய்த மறுநாளும் இரண்டு முறை வந்திருக்கிறது.

மாமியார் "பல்லி எச்சம் பட்டிருக்கு" என்கிறார். அம்மா சுண்ணாம்பு தடவச் சொல்லி, தடவி, தோல் வெந்துபோனது. மருந்துக்கடையில் கொடுத்த ஒரு கிரீமையும் போட்டுப் பார்த்திருக்கிறார். கணவர் இணையத்தில் தேடி, 'ஹெர்பிஸ்' என்ற சொல்லைப் பார்த்த நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இதற்கிடையே நகரத்திலுள்ள ஓர் அழகுசிகிச்சை கிளினிக்கில், "பத்து சிட்டிங் லேசர், 28,000 ரூபாய், வைரஸ் வேரோடு போய்விடும், ஆயுசுக்கும் வராது" என்று சொல்லி 5,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். பேக்கேஜோடு மேல் உதட்டு முடி நீக்கும் லேசர் இலவசமாம். "இல்லாவிட்டால் ஆன்லைனில் விற்கும் சிவப்பு விளக்கு முகமூடியை வாங்கலாமா? மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்கிறார்களே?" என்று கேட்டிருக்கிறார். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: "அடுத்த மாதம் தங்கைக்குப் பிரசவம். பெரியம்மாவான நான்தான் குழந்தைக்குச் சேனை வைக்க வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறார்கள்."

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேள்வியாகவே கேட்காத அந்தக் கடைசி வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். லேசர் பத்து நாள் காத்திருக்கும், குழந்தை காத்திருக்காது.

உங்களுக்கு வருவது, நீங்கள் எழுதியிருக்கும் விதத்தை வைத்துப் பார்த்தால், அநேகமாக ஹெர்பிஸ் சிம்ப்ளக்ஸ் வைரஸின் முதல் வகையால் வரும் உதட்டுக் கொப்புளம். பெரியவர்களுக்கு அது ஒரு வாரத் தொல்லை. பிறந்து ஆறு வாரம்கூட ஆகாத பச்சைக் குழந்தைக்கு அதே வைரஸ் மூளைக்கும் ஈரலுக்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே சேனை வைக்கும் பொறுப்பை வேறு யாருக்காவது விட்டுக்கொடுங்கள். உண்மையில் யாரும் வைக்காமலிருப்பதே நல்லது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிரச் சர்க்கரைத் தண்ணீர்கூட வேண்டாம் என்றுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். வீட்டில் மனத்தாங்கல் வரும் என்றால், "டாக்டர் கூடாதுன்னுட்டார்" என்று பழியை என் மேல் போடுங்கள். இந்தப் பத்தி எழுதுவதில் எனக்குக் கிடைக்கும் ஒரே அதிகாரம் அதுதான்.

உதட்டில் கொப்புளமோ, அது வருவதற்கு முந்தைய குறுகுறுப்போ இருந்தால் குழந்தை இருக்கும் அறைக்கே போக வேண்டாம். புண் முழுக்க ஆறி, புதுத்தோல் வந்த பிறகு போகலாம். கொப்புளம் இல்லாத நாட்களிலும் எச்சிலில் இந்த வைரஸ் சில சமயம் வெளிவரும் என்பதால், முதல் இரண்டு மாதம் குழந்தையை முத்தமிடாமல், சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத் தூக்குங்கள். இது உங்களுக்கு மட்டும் சொல்வதல்ல, பார்க்க வரும் எல்லோருக்கும் சேர்த்துத்தான். குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, காய்ச்சலோ வலிப்போ வந்தாலோ, தோலில் நீர்க்கொப்புளம் தெரிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தங்கையிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

கணவருக்குச் சொல்ல வேண்டியது

'ஹெர்பிஸ்' என்றதும் பலருக்கும் ஒரே ஓர் அர்த்தம்தான் தோன்றுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேர், அதாவது மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள், இந்த முதல் வகை வைரஸைச் சுமக்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது சிறுவயதிலேயே வந்துவிடுகிறது. கொஞ்சிய பாட்டியோ, கன்னத்தில் முத்தம் கொடுத்த மாமாவோ தெரியாமல் கொடுத்துவிட்டுப் போன சொத்து. வந்த பலருக்கு வாழ்நாள் முழுக்க ஒரு கொப்புளம்கூட வராது. உங்கள் கணவரிடமே அது இருக்க நிறைய வாய்ப்புண்டு. ஆக, இதை வைத்து யாருடைய நடத்தையையும் எடைபோட முடியாது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கொப்புளம் இருக்கும் நாட்களில் முத்தத்தாலும், வாய்வழி உறவாலும் இது துணைக்குப் பரவும், பிறப்புறுப்பிலும் வரலாம். குறுகுறுப்புத் தொடங்கியதிலிருந்து பொருக்கு உதிரும்வரை இரண்டையும் தவிருங்கள். துண்டு, லிப்ஸ்டிக் தனியாக இருக்கட்டும். தட்டு, டம்ளரைத் தனியே ஒதுக்கிவைத்து உங்களைத் தீட்டுக்காரி ஆக்க வேண்டியதில்லை, வழக்கம்போலக் கழுவினால் போதும்.

பல்லிக்கும் இதில் பங்கில்லை, பாவம். ஒரே இடத்தில், முன்னறிவிப்பாகக் குறுகுறுப்போடு, கொத்தாக வருவதுதான் இந்த வைரஸின் கையெழுத்து. வாய்க்குள் கன்னத்தில் வரும் வாய்ப்புண்ணும், இரண்டு கடைவாயும் வெடிப்பதும் வேறு வேறு நோய்கள். சந்தேகமிருந்தால் கொப்புளம் புதிதாக இருக்கும்போதே அதன் நீரைத் துடைத்தெடுத்து பி.சி.ஆர். பரிசோதனை செய்யலாம். ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் பரிசோதனைக்குப் பணம் கொடுக்காதீர்கள். பாதி ஊருக்கு அது 'பாசிட்டிவ்' என்றுதான் வரும், உங்கள் உதட்டில் இருப்பது எது என்பதை அது சொல்லாது.

வெளிச்சம் என்ன செய்யும், என்ன செய்யாது

இப்போது லேசருக்கு வருவோம். முதலில், இந்த வைரஸ் எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். உதட்டில் அது வெறும் விருந்தாளி. அதன் சொந்த வீடு, முகத்தின் உணர்வு நரம்புகள் ஒன்றுசேரும் முடிச்சு. அது மண்டையோட்டின் அடிப்பக்கம், எலும்புக்குள் ஒளிந்திருக்கிறது. காய்ச்சல், கடும் வெயில், தூக்கமின்மை, மாதவிடாய், பல் சிகிச்சை, உதட்டில் காயம் என்று ஏதாவது ஒன்று தட்டியெழுப்பினால், நரம்பு வழியே இறங்கி உதட்டுக்கு வருகிறது. வேலை முடிந்ததும் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்கிறது. சிவப்பு ஒளியும் அதை அடுத்த அகச்சிவப்பு ஒளியும் தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழம்தான் போகும். அந்த முடிச்சை அவை தொடவே முடியாது. 'வேரோடு போகும்' என்று கிளினிக்கில் சொன்னது இந்த இடத்திலேயே அடிபட்டுப்போகிறது. மாத்திரையும் வேரைப் பிடுங்குவதில்லை. இன்றைக்கு எந்த மருத்துவத்திடமும் அந்த வித்தை இல்லை.

அப்படியென்றால் ஒளி சிகிச்சை மொத்தமும் ஏமாற்றா? இல்லை. குறைந்த சக்தியில் தோலைச் சுடாமல் படும் சிவப்பு ஒளியை, செல்களின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியா உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் காயம் ஆறும் வேகம் கூடுகிறது என்பது இந்தத் துறையின் அடிப்படை. 1960களில் புடாபெஸ்ட்டில் எண்ட்ரே மெஸ்டர் எலிகளிடம் லேசர் வைத்துப் பார்த்ததில் தொடங்கியது இந்தக் கதை. உதட்டுக் கொப்புளத்துக்கு என்று எடுத்துக்கொண்டால், இரண்டு ஆய்வுகளை மட்டும் சொல்கிறேன்.

1999-இல் வியன்னாவில், மாதம் ஒருமுறையாவது கொப்புளம் வரும் 50 பேரை எடுத்துக்கொண்டார்கள். கொப்புளம் இல்லாத நாட்களில், இரண்டு வாரத்தில் பத்து முறை, 690 நானோமீட்டர் (இது ஒளியின் அலைநீளம்) சிவப்பு லேசர். பாதிப் பேருக்குப் பொய்யான லேசர். பொய் லேசர் பெற்றவர்களுக்குச் சராசரியாக மூன்றே வாரத்தில் கொப்புளம் திரும்பி வந்தது, நிஜ லேசர் பெற்றவர்களுக்கு 37 வாரத்துக்கும் மேல் ஆனது. கண்ணைப் பறிக்கும் கணக்கு. உங்கள் கிளினிக்கின் 'பத்து சிட்டிங்' அங்கிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த ஆய்விலேயே லேசர் பெற்ற சிலருக்கு இரண்டு வாரத்தில் திரும்ப வந்தது. 'ஆயுசுக்கும் வராது' என்று அவர்கள் சொல்லவில்லை. இந்த மாதிரிச் சிறு ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த 'காக்ரேன்' என்ற சர்வதேச மருத்துவ ஆய்வமைப்பின் 2015-ஆம் ஆண்டுத் தொகுப்பு, தடுப்புக்கு லேசர் உதவக்கூடும், ஆனால் ஆதாரத்தின் தரம் மிகக் குறைவு என்று முடித்துக்கொண்டது. கால் நூற்றாண்டு கழித்தும் பெரிய ஆய்வு எதையும் காட்டி இதைப் பரிந்துரைக்க முடியாமலிருப்பது எனக்கு ஓர் உறுத்தல்தான்.

இரண்டாவது, 1072 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைத் தரும் ஒரு சின்னக் கைக்கருவி. கொப்புளம் தொடங்கியதும் மூன்று நிமிடம், தினம் மூன்று வேளை, இரண்டு நாள். 2013-இல் வெளியான ஆய்வில் கருவி வைத்தவர்களுக்குப் புண் 129 மணி நேரத்தில் ஆறியது, பொய்க் கருவி வைத்தவர்களுக்கு 177 மணி நேரம். ஆக, லாபம் இரண்டு நாள். திரும்ப வருவதை அது தடுத்ததாக அந்த ஆய்வு காட்டவில்லை.

அந்தப் பேக்கேஜ்

'லேசர்' என்ற ஒரே சொல்லுக்குள் பத்துவிதக் கருவிகள் இருக்கின்றன, கத்தி என்ற சொல்லுக்குள் அரிவாள்மனையும் ஆபரேஷன் கத்தியும் இருப்பதுபோல. மேலே சொன்னவை சூடே தெரியாத மெல்லிய ஒளி. முடி நீக்கும் லேசரும், தழும்பு நீக்கும் லேசரும் தோலில் வெப்பத்தைச் செலுத்தும் வேறு ரகம். வாயைச் சுற்றி அவற்றைப் பாய்ச்சினால் உறங்கும் ஹெர்பிஸ் விழித்துக்கொள்ளும் என்பது எங்கள் துறையில் பாடப்புத்தகச் சேதி. இதற்காகவே இந்தக் கொப்புளம் வருகிறவர்களுக்கு வாயைச் சுற்றி லேசரால் தோலைச் சீவும் சிகிச்சைக்கு முன்பே வைரஸ் மாத்திரை தொடங்குவோம். நூல் இழுத்ததற்கே மறுநாள் கொப்புளம் வந்த உங்களுக்கு, அதே மேல் உதட்டில் இலவசமாக முடி நீக்கும் லேசர்! கொப்புளத்தைத் தீர்க்கும் பேக்கேஜோடு கொப்புளத்தை வரவழைக்கும் வைத்தியத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். போதாததற்கு நம் நிறத் தோலில் சூடு கொஞ்சம் கூடினாலும் உதட்டைச் சுற்றிக் கருமை படிந்து மாதக்கணக்கில் நிற்கும்.

மீதிப் பணத்தைக் கட்டும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: கருவியின் அலைநீளமும் அது எந்த நோய்க்கு உரிமம் பெற்றது என்பதும், லேசரை இயக்கப்போகிறவர் பதிவுபெற்ற தோல் மருத்துவரா என்பது, 'ஆயுசுக்கும் வராது' என்ற வாக்குறுதி. மூன்றாவதை யாரும் எழுதித் தரமாட்டார்கள். அங்கேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

சிகிச்சை தொடங்காததால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ரசீது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இல்லையென்றால் பணம் அனுப்பிய செய்தியும், அவர்கள் அனுப்பிய விளம்பரமும் பத்திரமாக இருக்கட்டும். தர மறுத்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொய் வாக்குறுதி தரும் விளம்பரங்களையும் கேள்வி கேட்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். சண்டைக்கு முன் மரியாதையாக ஒரு கடிதம் கொடுங்கள். பல இடங்களில் அதற்கே பணம் வந்துவிடும்.

வீட்டு முகமூடி

ஆன்லைனில் விற்கும் எல்.இ.டி. முகமூடிகள் பெரும்பாலும் 630-இலிருந்து 660 நானோமீட்டர்வரை சிவப்பு ஒளி தருபவை, சுருக்கத்துக்கும் பருவுக்கும் என்று விற்கப்படுபவை. 1072 கருவியின் ஆய்வைக் காட்டி அவற்றை விற்பது, ஒரு மாத்திரையின் ஆய்வைக் காட்டி வேறொன்றை விற்பது மாதிரி. முறையாகப் பயன்படுத்தினால் பெரிய கெடுதல் இருக்காது என்றாலும் கண்ணை மூடி மறைத்துக்கொள்ள வேண்டும், ஒளியால் தோல் வெந்துபோகும் மருந்துகள் (பருவுக்குத் தரும் டாக்சிசைக்ளின் அவற்றில் ஒன்று) சாப்பிடுகிறவர்கள் கேட்காமல் வைக்கக் கூடாது. நானாக இருந்தால் அந்தப் பணத்தில் தங்கையின் குழந்தைக்கு ஏதாவது வாங்குவேன்.

புற ஊதா விளக்கு எதையும் மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள். 'கிருமியைக் கொல்லும் ஒளி' என்ற பெயரில் அவையும் விற்பனைக்கு வருகின்றன. உங்கள் உதட்டுக்கு எதிரியே அந்த ஒளிதான்.

இதேபோல் சாயமும் ஒளியும் சேர்ந்த ஒரு சிகிச்சையும் உண்டு. கொப்புளத்தில் சாயம் தடவி, அதன்மேல் வெளிச்சம் பாய்ச்சி வைரஸைச் செயலிழக்க வைக்கும் முயற்சி 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெரிய பரபரப்பாக இருந்தது. 1975-இல் முறையாகச் சோதித்துப் பார்த்தபோது பொய் மருந்தைவிட அது ஒன்றும் உயர்த்தியில்லை என்று தெரிந்தது. அப்படிப் பாதி செத்த வைரஸ் செல்களைப் புற்று வழிக்குத் திருப்பிவிடுமோ என்ற பயமும் ஆய்வுக்கூடத்திலிருந்து கிளம்பியது, கைவிட்டார்கள். இப்போது வேறு சாயங்களோடு பல் மருத்துவர்கள் சிலர் மறுபடி முயல்கிறார்கள். முடிவு வரட்டும், நீங்கள் சோதனை எலியாக வேண்டாம்.

நீங்கள் பயப்படும் மாத்திரை

இந்த வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் என்ற மருந்து 1980களின் தொடக்கத்திலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதை உருவாக்கிய ஆய்வுப் பணியில் முன்னின்ற கெர்ட்ரூட் எலியனுக்கு 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது. இது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், மற்றவர்கள் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். 'கிட்னி போய்விடும்' என்ற பயம் இந்த உண்மையின் ஊதிப்பெருத்த வடிவம். தொடங்குமுன், சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொண்டால் உங்களுக்கும் நிம்மதி.

இரண்டு விதமாகச் சாப்பிடலாம். ஒன்று, வரும்போது மட்டும். அசைக்ளோவிரின் இன்னொரு வடிவமான வாலாசைக்ளோவிர் 2 கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம், அவ்வளவுதான், ஒரே நாள் வைத்தியம். ஆனால் உதடு குறுகுறுத்த முதல் சில மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். கொப்புளம் உடைந்த பிறகு சாப்பிட்டுவிட்டு "மாத்திரை கேட்கவில்லை" என்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். மருந்துச்சீட்டை முன்கூட்டியே வாங்கி, மாத்திரையைப் பள்ளிக்கு எடுத்துப்போகும் பையிலேயே வையுங்கள். சரியான நேரத்தில் சாப்பிட்டாலும் சுமார் ஒரு நாள்தான் குறையும், அதிசயம் எதிர்பார்க்காதீர்கள்.

மற்றொன்று, வராமலிருக்கத் தினமும். வருடத்துக்கு ஆறு முறைக்கு மேல் வந்தால் இதை யோசிப்போம், நீங்கள் அந்தக் கணக்கில் வருகிறீர்கள். அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் இரண்டு வேளை, அல்லது வாலாசைக்ளோவிர் 500 மில்லிகிராம் ஒரு வேளை, சில மாதங்களுக்கு. விளையாட்டு விழாப் பயிற்சி நடக்கும் மாதங்களுக்கு மட்டும் சாப்பிடும் வழியும் இருக்கிறது, உங்கள் விஷயத்தில் எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் இதைக் கேட்கலாம். பத்திரிகையில் படித்த அளவை வைத்து நீங்களாகக் கடையில் வாங்க வேண்டாம்.

கடைக்காரர் கொடுத்த கிரீமின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஸ்டீராய்டு கலந்த கிரீமாக இருக்கும் என்று என் மனது சொல்கிறது. நம் மருந்துக்கடைகளில் எந்தத் தோல் தொல்லைக்கும் முதலில் கைக்கு வருவது அதுதான். அதை நிறுத்திவிடுங்கள். சுண்ணாம்பையும்.

வெயில்

பெரியவர்கள் 'உடம்புச் சூடு' என்பார்கள். கோழிக்கறிக்கும் மாம்பழத்துக்கும் இதில் பங்கிருப்பதாக ஆதாரம் இல்லை. ஆனால் வெளிச் சூட்டுக்கு, சரியாகச் சொன்னால் வெயிலிலுள்ள புற ஊதாக் கதிருக்கு, நல்ல ஆதாரம் இருக்கிறது. 1991-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இந்தக் கொப்புளம் வருகிற 38 பேரின் உதட்டில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சியபோது 27 பேருக்குக் கொப்புளம் வந்தது. சன்ஸ்கிரீன் தடவிவிட்டுப் பாய்ச்சியபோது ஒருவருக்கும் வரவில்லை. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, நிஜ வெயிலில், இத்தனை தெளிவான பலன் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் காலை ஒன்பது மணி வெயிலில் மைதானத்தில் விசிலோடு நிற்கும் உங்களுக்கு, எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத லிப் பாமும் அகல விளிம்புத் தொப்பியும் முதல் மருந்து. தண்ணீர் குடித்ததும் திரும்பத் தடவ வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது. த்ரெடிங்கைக் கொஞ்ச காலம் விட்டுவிட்டு, முடியைக் கத்தரித்துப் பாருங்கள்.

உடனே பார்க்க வேண்டியவை

கண் சிவந்து வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு விடுவது பார்வையைக் கெடுத்துவிடும். வீட்டில் கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோய் உள்ள குழந்தை இருந்தால் உங்கள் கொப்புளம் அதன் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவர்களுக்கு உடம்பு முழுக்கப் பரவக்கூடும். இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணை 'வழக்கமான கொப்புளம்' என்று விட்டுவிடாமல் காட்டுங்கள்.

அடுத்த முறை வந்தால், முதல் நாளே கைபேசியில் படம் எடுத்து, தேதியையும் முந்தைய இரண்டு நாளில் என்ன நடந்தது என்பதையும் (வெயில், காய்ச்சல், மாதவிடாய், தூக்கம்) குறித்துவையுங்கள். நான்கைந்து குறிப்பு சேர்ந்ததும் அதோடு தோல் மருத்துவரைப் பாருங்கள். தினசரி மாத்திரை எந்த மாதங்களுக்குத் தேவை என்று அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார். ஆனால் தங்கைக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம், இன்று மாலையே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.